லண்டனில் விடியாத ஞாயிறு

கொக்குவிலில் எனக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் லண்டனில், மகள் ரொறன்ரோவில். "எந்நேரம் எடுத்தாலும் ஒண்டில் வேலையில நிக்கினம், இல்லாட்டி நித்திரை. மூண்டு நேரமும் காட்டுற மாதிரி ஒரு மணிக்கூடு செய்து தா தம்பி" என்று கேட்டார். மேலே பெரிதாக யாழ்ப்பாணம், கீழே சின்னதாக இரண்டு வரி. ஏவிஆர் என்ற சின்னக் கணினிச் சிப் ஒன்று, டீஎஸ்1307 என்ற மலிவான நேரச் சிப், அதற்கு ஒரு நாணய பற்றரி, சிவப்பு எல்இடி எழுத்து. ஏப்ரலில் கொண்டுபோய் ஹோல் சுவரில் மாட்டினேன். பிறகு அதை மறந்தே போனேன், அவ்வளவு ஒழுங்காக ஓடியது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மத்தியானம் ரீச்சரின் அழைப்பு. "தம்பி, லண்டனில இன்னும் விடியேல்லையோ? ஒண்டு, ஒண்டரை, பிறகும் ஒண்டு எண்டு காட்டுது."

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக மணி, நிமிடம், செக்கன் ஓடவிட்டிருந்தேன். லண்டனில் மார்ச்சில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற கோடை நேரம் ஒக்டோபரில் முடியும். அதற்காக ஒரு நிபந்தனை: ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் 2 மணி ஆனால் ஒரு மணித்தியாலம் குறை. எங்கள் காலை 6:30க்கு லண்டன் வரி 2:00ஐத் தொட்டது, 1:00 ஆனது. சரி. ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி 2:00. அந்த வரியில் இன்னமும் ஒக்டோபர் கடைசி ஞாயிறுதான், ஆகவே மறுபடி 1:00. செக்குமாடு மாதிரி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போய் பிளக்கைக் கழற்றியிருக்காவிட்டால் லண்டனுக்குத் திங்கட்கிழமையே வந்திருக்காது.

நேரம் வைத்து வேலை செய்யும் சின்னப் பெட்டிகளை சி மொழியில் எழுதுகிற பலரும் இந்தக் குழியில் ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள். அதிலிருந்து ஏறி வர என்னென்ன வழிகளைப் பார்த்தேன், எதை எந்தப் பெட்டிக்கு எடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிவே இல்லாத ஒரு விஷயம். எந்த வழியை எடுத்தாலும் பெட்டிக்குள் ஓடுகிற நேரம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அது யூடிசியாக, அதாவது கோடை நேரம் இல்லாத உலகப் பொது நேரமாக, இருக்க வேண்டும். நேரச் சிப்பில் எழுதுவதும் யூடிசி, பதிவுக் கோப்பில் எழுதுவதும் யூடிசி. லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குப் போடுகிற சட்டைகள், திரையில் காட்டும் கணத்தில் மட்டும். நேரச் சிப்பில் உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டால், ஒக்டோபர் ஞாயிறு அதிகாலை கரண்ட் போய் வரும்போது பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. 1:30 என்று சிப் சொல்கிறது. அது குறைப்பதற்கு முந்தின ஒன்றரையா, குறைத்த பிறகு வந்த ஒன்றரையா? குறைத்தாயிற்று என்று ஒரு அடையாளத்தைச் சேமித்து வைக்கலாம், பிறகு அந்த அடையாளம் பிழைக்கிற சந்தர்ப்பங்களுக்கு இன்னொரு அடையாளம்... யூடிசிக்கு இந்தத் தலையிடி கிடையாது. அது பின்னால் போவதே இல்லை.

(நேரச் சிப் பற்றி ஒரு சொல். டீஎஸ்1307 வெளியே பூட்டுகிற பளிங்கை (கிறிஸ்டலை) நம்பி ஓடுவது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இருபது) பிழையுள்ள பளிங்கு என்றால் மாதத்துக்கு 50 செக்கன் வரை பிசகும். 25 பாகையை விட்டு எந்தப் பக்கம் விலகினாலும் அந்தப் பளிங்கு மெதுவாகும். தகரக் கூரைக்குக் கீழே 45 பாகையில் கிடக்கும் பெட்டி அந்தச் சூட்டினால் மட்டும் நாளுக்கு ஒரு செக்கனுக்கு மேல் பின்தங்கும். டீஎஸ்3231 என்ற இன்னொரு நேரச் சிப் வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதால் வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில் நிற்கிறது. எங்கள் வெயிலுக்கு அதை வாங்குங்கள்.)

அப்படியானால் மிச்சமிருப்பது ஒரு கேள்விதான். யூடிசியிலிருந்து உள்ளூர் நேரத்துக்குப் போகிற விதி யாரிடம் இருப்பது? பெட்டியை வைத்திருக்கும் ஆளிடமா, நான் எழுதிய சி கோப்பிலா, மாற்றக்கூடிய ஒரு வரியிலா, முழுத் தரவுத்தளமாகவா, தூரத்தில் இருக்கும் சேர்வரிலா? இவற்றை ஒப்பிடும்போது நான் நினைவகத்தையோ விலையையோ முதலில் பார்ப்பதில்லை. நாளைக்கு ஒரு நாட்டில் விதி மாறினால், மாட்டி முடித்த பெட்டியை என்னால் தொட முடியுமா என்பதைத்தான் பார்க்கிறேன்.

விதி மாறுமா என்று கேட்கிறவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் கதையே போதும். 1996 மே 25இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று யூடிசியை விட 5:30 முன்னால் இருந்த நாடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போய் 6:30 ஆனது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்து 6:00. 2006 ஏப்ரல் 15இல், புத்தாண்டு கழிந்த கையோடு, மறுபடி 5:30. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய 5:30தான். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு இரண்டு பக்கத்துக்கும் எல்லையாக இருந்த முகமாலையைக் கடக்கிற ஆட்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டும். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்காமல் ஒரு அலுவலுக்கு நேரம் குறிக்க முடியாது. உலகம் முழுக்கப் பாவிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் ஆசியா/கொழும்பு என்று ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அந்த அரை மணித்தியாலத்தை அதில் தேடினால் கிடைக்காது.

ஒரு எண், அல்லது ஒரு பொத்தான்

உரும்பிராயில் வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு பம்ப் டைமர் செய்தேன். காலை ஐந்தரைக்கு ஓட வேண்டும், ஆறே காலுக்கு நிற்க வேண்டும். இதற்குக் கோடை நேரமும் தரவுத்தளமும் எதற்கு? யூடிசியுடன் 19800 செக்கனைக் கூட்டு, முடிந்தது. ஆனால் அந்த 19800ஐ நிரலுக்குள் டிஃபைன் போட்டு அடிக்காமல் கரண்ட் போனாலும் அழியாத ஈப்ரோம் நினைவகத்தில் ஒரு செட்டிங்காக வைத்தேன். 1996 மாதிரி ஒரு காலை திரும்பவும் வந்தால் தோட்டக்கார ஐயா பொத்தானை அழுத்தி அரை மணித்தியாலமாகக் கூட்டிக் குறைக்கலாம்.

கோடை நேரம் உள்ள நாட்டுக்கும் இது ஒரு உண்மையான தெரிவுதான். பின்பக்கம் "கோடை / குளிர்" என்று ஒரு சுவிட்ச். வருடத்துக்கு இரண்டு தரம் ஒரு ஆள் தட்ட வேண்டும். அந்த ஊரிலேயே வாழ்கிற ஆளுக்குச் செய்தி கிடைக்கும், தட்டுவார். ஆனால் கொக்குவிலில் இருக்கும் ரீச்சர் ரொறன்ரோவுக்காக எப்போது தட்டுவது? அந்தத் தகவலைத் தெரிந்துகொள்ளத்தானே மணிக்கூட்டையே கேட்டார்.

விதியைக் கையால் எழுதுவது

ஐரோப்பிய விதி எளிமையானது. மார்ச் கடைசி ஞாயிறு 01:00 யூடிசிக்குக் கூடும், ஒக்டோபர் கடைசி ஞாயிறு 01:00 யூடிசிக்குக் குறையும். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ எல்லாம் ஒரே கணத்தில் மாறும். எங்களுக்கு அது எப்போதும் ஞாயிறு காலை 6:30. கடைசி ஞாயிறு எது என்பதற்கு ஒரு வரிக் கணக்கே இருக்கிறது:

மார்ச்: 31 - ((5 * ஆண்டு / 4 + 4) % 7)
ஒக்டோபர்: 31 - ((5 * ஆண்டு / 4 + 1) % 7)

எல்லாம் முழு எண் வகுத்தல். 2026ஐப் போட்டுப் பாருங்கள், மார்ச் 29, ஒக்டோபர் 25 வரும். 2099 வரை இது பிழைக்காது. 8 பிட் சிப்பிலும் நோகாமல் ஓடும்.

ஏவிஆரில் வேலை செய்பவர்களுக்கு இதைக்கூட எழுதத் தேவையில்லை. ஏவிஆருக்கான சி லைப்ரரியான ஏவிஆர் லிப்சியில் ஈயூ_டிஎஸ்டி, யூஎஸ்ஏ_டிஎஸ்டி என்று இரண்டு தலைப்புக் கோப்புகள் தயாராகக் கிடக்கின்றன. செட்_ஸோனுக்கு செக்கன் கணக்கு, செட்_டிஎஸ்டிக்கு அந்தச் செயற்கூறு, அவ்வளவுதான். ஒரு பொறி மட்டும் உண்டு. அங்கே காலம் 1970இல் அல்ல, 2000 ஜனவரி 1இல் தொடங்குகிறது. சேர்வரிலிருந்து வரும் எண்ணில் 946684800ஐக் கழிக்க மறந்தால் முப்பது வருடம் முன்னுக்குப் போய் நிற்பீர்கள்.

வட அமெரிக்காவைச் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு, அதுவும் அந்தந்த ஊரின் உள்ளூர் 2 மணிக்கு. ஆகவே 2026இல் மார்ச் 8 தொடக்கம் 29 வரை மூன்று கிழமைக்கு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடைவெளி ஐந்தல்ல, நான்கு மணித்தியாலம். ரீச்சரின் பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் வீடியோவில் வர ஏற்பாடு செய்தால் இந்த மூன்று கிழமையிலும் ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமையிலும்தான் குழம்பும். மெல்பேர்ன் இன்னொரு திசை: ஒக்டோபர் முதல் ஞாயிறு கூடி ஏப்ரல் முதல் ஞாயிறு குறையும். வடக்குக்கு எழுதிய "தொடக்கத்துக்குப் பிறகு, முடிவுக்கு முன்" என்ற நிபந்தனையை அப்படியே தெற்குக்குப் போட்டால் அங்கே கோடை நேரம் ஒருநாளும் வராது. தொடக்கம் முடிவுக்குப் பின்னால் வருவதால் "தொடக்கத்துக்குப் பிறகு அல்லது முடிவுக்கு முன்" என்று மாற்ற வேண்டும்.

இந்த வழி எனக்குப் பிடிக்கும். நூறு வரி சி, வெளியில் எதையும் நம்பாது, வாசித்தால் விளங்கும். ஆனால் விதி ஃபேர்ம்வெயருக்குள், அதாவது சிப்பில் அடித்த நிரலுக்குள், உறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2005இல் சட்டம் போட்டு 2007இலிருந்து தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தினார்கள், கனடாவும் பின்னால் போனது. பழைய ஏப்ரல் முதல் ஞாயிறு விதி அடித்த பெட்டிகள் எல்லாம் அந்த மார்ச்சில் மூன்று கிழமை பிழை நேரம் காட்டின. இப்போதும் கத்தி தலைக்கு மேலேதான் தொங்குகிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இலேயே நேரம் மாற்றுவதை நிறுத்த வாக்களித்தது, உறுப்பு நாடுகள் இணங்காமல் அது கிடப்பில் கிடக்கிறது. ஒன்ராறியோ 2020இல் கோடை நேரத்தையே நிரந்தரமாக்கச் சட்டம் நிறைவேற்றி, நியூயோர்க்கும் கியூபெக்கும் சேர்ந்தால் செய்வோம் என்று வைத்திருக்கிறது. என்றோ ஒருநாள் இதில் ஒன்று நடக்கும். அன்றைக்கு நான் புரோகிராமர் கேபிளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

ஒரு வரியில் விதி

ரீச்சரின் இரண்டாவது மணிக்கூட்டை ஈஎஸ்பி32 என்ற சிப்பில் செய்தேன். வைஃபை இருக்கிறது, இணையத்தில் நேரம் கேட்கும் எஸ்என்டிபி முறை யூடிசியைக் கொண்டுவந்து தருகிறது, நேர வலய விதியைச் சுருக்கி எழுதும் போசிக்ஸ் டிஇசட் வரியை சி லைப்ரரி புரிந்துகொள்ளும். விதி முழுவதும் ஐம்பது எழுத்துக்குள் அடங்கிய ஒரு வரி. அதை ஃபிளாஷில் செட்டிங்காக வைத்து, செட்என்வால் போட்டு, டிஇசட்செட்டால் வாசிக்க வைத்து, லோக்கல்டைம்_ஆரிடம் உள்ளூர் நேரத்தைக் கேட்பேன். விதி மாறினால் வரியை மாற்றினால் போதும், ஃபேர்ம்வெயரைத் தொட வேண்டாம்.

இலங்கைக்கு அந்த வரி இப்படி: <+0530>-5:30. பார்த்தவுடன் எல்லோரும் திகைப்பது அந்தக் கழித்தல் குறியில். இங்கே எண் சொல்வது, யூடிசி கிடைக்க உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்ட வேண்டும் என்பதை. கிழக்கே இருக்கிற எங்களுக்கு அதனால் கழித்தல், மேற்கே இருக்கிற ரொறன்ரோவுக்கு நேரே 5. நான் முதல் தரம் மாற்றிப் போட்டு, காலைச் சாப்பாட்டு நேரத்தில் மணிக்கூடு இரவு ஒன்பதரை காட்டியது. முன்னால் கோண அடைப்புக்குள் இருப்பது வெறும் பெயர். பெயரில் எண்ணோ குறியோ வந்தால் அந்த அடைப்பு கட்டாயம்.

ஒஸ்லோவின் வரியில் பின்பாதி எம்3.5.0, பிறகு எம்10.5.0/3. மூன்றாம் மாதம், ஐந்தாம் வாரம், ஞாயிறு. ஐந்து என்றால் "கடைசி" என்று பொருள், ஐந்தாவது ஞாயிறு இல்லாத மாதத்திலும். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது மாறுகிற மணி, எழுதாவிட்டால் 2. அது அந்தக் கணத்துக்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த உள்ளூர் நேரத்தில். ஆகவே லண்டனுக்கு இதே விதி எம்3.5.0/1, எம்10.5.0 என்று வரும். இரண்டு ஊரும் ஒரே 01:00 யூடிசியில்தான் மாறுகின்றன. ஆனால் அந்தக் கணம் மார்ச்சில் லண்டனுக்கு 1 மணி, ஒஸ்லோவுக்கு 2 மணி. ஒக்டோபரில் முறையே 2, 3. லண்டன் வரியை எடுத்து வித்தியாசத்தை மட்டும் மாற்றி ஒஸ்லோவுக்கு ஒட்டினால் வருடத்தில் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு மணித்தியாலம், பிழைக்கும். யாருக்கும் தெரியாத பிழை, ஆகவே பத்து வருடம் இருக்கும் பிழை.

சரி, இது சரியான வழி என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு இரண்டு விஷயம் கடித்தது.

ஒன்று, டிஇசட் என்பது நிரல் முழுவதற்கும் பொதுவானது. மூன்று ஊர் காட்டும் மணிக்கூட்டில் நான் செக்கனுக்கு ஒரு தடவை லண்டன், ரொறன்ரோ, கொழும்பு என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதே நேரம் இன்னொரு டாஸ்க் பதிவு எழுதக் கூப்பிட்டால் எந்த வலயம் கிடைக்கும் என்பது அதன் அதிர்ஷ்டம். பதிவுக் கோப்பில் காலை 8:15, அடுத்த வரியில் முதல் நாள் இரவு 10:45 என்று இருந்தபோது சிப் பழுது என்று நினைத்து அதை மாற்றியும் பார்த்தேன். (பதிவில் யூடிசி என்று மேலே பெரிய வாயால் சொன்னவன் நான்தான்.)

இரண்டு, நினைவகம் கசிந்தது. செட்என்வ் முந்தின மதிப்பை விட நீளமான மதிப்பு வந்தால் புதிதாக இடம் எடுக்கிறது, பழைய இடத்தை விடுவதில்லை. குட்டையான கொழும்பு வரி, பிறகு நீளமான லண்டன் வரி, மறுபடி குட்டை, மறுபடி நீளம். ஒவ்வொரு சுற்றிலும் சில பைட். சில மணித்தியாலத்தில் மணிக்கூடு தானாக ரீசெட் ஆகும். ரீச்சர் அதைக் குறை சொல்லவில்லை, "இடைக்கிடை கண்ணை மூடித் திறக்குது" என்றார்.

ஒரே வலயம் காட்டும் பெட்டி என்றால் இந்த இரண்டும் உங்களைத் தொடாது. தொடக்கத்தில் ஒரு தடவை செட்என்வ் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம். பல வலயம் என்றால் அந்த வரியை நீங்களே பிரித்து ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, "யூடிசியும் விதியும் தந்தால் வித்தியாசத்தைச் சொல்" என்று ஒரு செயற்கூறு எழுதுவது நல்லது. எம் வடிவத்தை மட்டும் ஆதரித்தால் நூற்றைம்பது வரிக்குள் முடியும். பொது மாறி இல்லை, கசிவு இல்லை. முன்பு கையால் எழுதிய அதே கணக்குத்தான், விதி மட்டும் நிரலுக்கு வெளியே வந்துவிட்டது.

இந்த வரிக்குப் பழங்கதை தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய விதி எதுவோ அதுவே எல்லா ஆண்டுக்கும். 2005ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றைக் கொழும்பு வரியால் காட்டினால் அரை மணித்தியாலம் பிழை. மணிக்கூட்டுக்கு அது பொருட்டில்லை.

முழுத் தரவுத்தளம்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி மாதிரி லினக்ஸ் ஓடும் பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், முன்பு சொன்ன நேர வலயத் தரவுத்தளம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1986 வாக்கில் தொடங்கி, இப்போது போல் எகர்ட் பராமரித்து, 2011இலிருந்து இணையத்தின் பெயர்களையும் எண்களையும் பார்த்துக்கொள்ளும் ஐயானா அமைப்பின் கூரைக்குக் கீழே இருக்கிறது. வருடத்துக்குப் பல தடவை புதுப் பதிப்பு வரும். ஐரோப்பா/லண்டன் என்று பெயரைச் சொன்னால் போதும், பழங்கதை உட்பட எல்லாம் சரியாக வரும்.

சின்னச் சிப்பில் இதை நுழைக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு ஊரின் கோப்பு சில கிலோபைட்டுக்கு மேல் போகாது, நாலு ஊருக்கு இடம் இருக்கும். ஆனால் புதுப் பதிப்பை யார் கொண்டுபோய்ப் போடுவது? புதுப்பிக்கப்படாத தரவுத்தளம், கையால் எழுதிய விதியை விடப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு அதே பிழையைக் காட்டும். லினக்ஸ் பெட்டியும் அப்படித்தான். ஐந்து வருடம் இணையத்தைக் காணாத ராஸ்பெரி பை ஒன்றில் இருப்பது ஐந்து வருடப் பழைய உலகம்.

இன்னொருவர் சொல்லட்டும்

மொடம் உள்ள பெட்டிகளில் கைபேசிக் கோபுரமே நேரம் சொல்லும். மொடத்திடம் மணி கேட்டால் கடைசியில் +22 என்று ஒரு வால் வரும். அது கால் மணித்தியாலக் கணக்கு. இருபத்திரண்டு கால் என்றால் ஐந்தரை. அழகான ஏற்பாடுதான். ஆனால் அது பெட்டி நிற்கிற ஊருக்கு மட்டும், அதுவும் அந்த வலையமைப்புக்காரர் ஒழுங்காக அனுப்பினால். கொக்குவில் கோபுரத்துக்கு ரொறன்ரோ நேரம் தெரியாது.

நான் கடைசியில் வந்து நின்றது சொந்தமாக ஒரு சின்னச் சேர்வரில். தரவுத்தளம் அங்கே இருக்கும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பெட்டி கிழமைக்கு ஒரு தடவை கேட்கும். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று எண் பதிலாக வரும்: இப்போதைய வித்தியாசம் செக்கனில், அடுத்து மாறும் கணம் யூடிசியில், அதன் பிறகு வித்தியாசம் எவ்வளவு. பெட்டியில் உள்ள சி நிரல் ஒரு ஒப்பீடும் ஒரு கூட்டலும்தான்: இப்போதைய நேரம் அந்தக் கணத்தைத் தாண்டவில்லையா, பழையதைக் கூட்டு, தாண்டிவிட்டதா, புதியதைக் கூட்டு. ஞாயிறு தெரியத் தேவையில்லை, மார்ச் தெரியத் தேவையில்லை. மூன்று எண்ணையும் ஃபிளாஷில் எழுதி வைத்தால் வைஃபை ஒரு மாதம் செத்துக் கிடந்தாலும் அடுத்த மாற்றம் சரியாக நடக்கும்.

மூன்று எண்ணுக்குப் பதிலாக அந்த டிஇசட் வரியையே அனுப்பலாமே என்று முதலில் நினைத்தேன். சேர்வரில் இருக்கும் ஒவ்வொரு ஊர்க் கோப்பின் கடைசி வரியும் அச்சொட்டாக அந்த போசிக்ஸ் வரிதான். வாசித்து அனுப்பினால் முடிந்தது. ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தக் கடைசி வரி, கோப்பில் எழுதியிருக்கும் மாற்றங்கள் எல்லாம் முடிந்த பிறகு செல்லுபடியாகும் விதி. ஒரு நாடு "அடுத்த வருடத்திலிருந்து நிறுத்துகிறோம்" என்று இன்றைக்கு அறிவித்தால், கடைசி வரி இன்றைக்கே புது விதிக்கு மாறிவிடும். பெட்டி ஒரு வருடம் முந்திக்கொள்ளும். மூன்று எண்ணில் இந்த வழுக்கல் இல்லை.

குறை என்ன? சேர்வர் என்னுடையது, நான் அதை நடத்த வேண்டும். மாதக் கட்டணம் கட்ட நான் மறந்து அது நின்றுபோனால், அடுத்த மாற்றம் நடக்கும், அதற்கு அடுத்தது நடக்காது. அதனால் பெட்டிக்குள் டிஇசட் வரியும் இருக்கிறது. மூன்று எண் வந்து நாலு மாதத்துக்கு மேலாகி, அதில் சொன்ன கணமும் கடந்துவிட்டால் நிரல் வரிக்குத் தாவும். பழைய விதியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் தெரியாமல் இருப்பதை விடத் திறம்.

இனி எந்தப் பெட்டிக்கு எது. பம்ப் டைமருக்கு ஒரு எண், செட்டிங்கில். ரீச்சரின் மணிக்கூட்டுக்குச் சேர்வரின் மூன்று எண், பின்னால் டிஇசட் வரி. லினக்ஸ் பெட்டிக்குத் தரவுத்தளம், ஆனால் இணையம் கிடைக்கும் என்றால் மட்டும். கையால் எழுதிய விதியை இப்போது எதற்கும் எடுப்பதில்லை.

எடுக்கத் தயங்கிய ஒரு வேலை ஒஸ்லோவில் ஒரு கோயிலுக்கு மணி அடிக்கும் பெட்டி. அங்கே வைஃபை கடவுச்சொல் நாலு மாதத்துக்கு ஒருக்கா மாறும் என்றார்கள், சேர்வரை நம்ப முடியாது. டிஇசட் வரியோடு அனுப்பினேன். நேரச் சிப்பில் யூடிசி, வரி செட்டிங்கில், அதற்கு மேலே அவசரத்துக்கு ஒரு பொத்தான்: அடுத்த மாற்றம் வரை ஒரு மணித்தியாலம் கூட்டு அல்லது குறை. ஐயருக்கு அது போதும்.

அந்தப் பெட்டியில்தான் எல்லாவற்றையும் யூடிசியில் வை என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு என்று பட்டது. காலைப் பூசை 6 மணி. இதை 05:00 யூடிசி என்று மாற்றிச் சேமித்தால் மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் மணி 7க்கு அடிக்கும். நடந்து முடிந்ததை யூடிசியில் எழுது, நடக்கப் போவதை ஆட்கள் சொன்னபடியே எழுது: "06:00, ஒஸ்லோ". அப்புறம் நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளூர் நேரத்தைக் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடு, அடித்தால் அந்தத் தேதியையும் பூசையையும் சேர்த்துக் குறித்து வை. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒக்டோபரில் அதிகாலை 2:30 இரண்டு தரம் வரும், மணியும் இரண்டு தரம். மார்ச்சில் 2:30 வரவே வராது. அந்த நேரத்தில் பூசை இல்லை என்றாலும், சுயசோதனை ஓடும் நேரத்தை நான் முதலில் 2:30க்குத்தான் வைத்திருந்தேன். 4 மணிக்கு மாற்றினேன்.

எந்த வழியை எடுத்தாலும் அந்த ஞாயிற்றுக்காகக் காத்திருக்காமல் அதை மேசைக்கே கொண்டுவாருங்கள். எல்லாப் பெட்டியிலும் இப்போது ஒரு சோதனை முறை வைக்கிறேன். பொத்தானை ஐந்து செக்கன் அழுத்திப் பிடித்தால் 2026 ஒக்டோபர் 25, 00:59:50 யூடிசிக்குத் தாவி, முதல் பதினைந்து செக்கன் மெதுவாக, பிறகு ஒரு மணித்தியாலத்தை ஒரு நிமிடமாக ஓடும். ரீச்சரிடம் மணிக்கூட்டைத் திருப்பிக் கொண்டுபோன அன்று அவரையே அழுத்தச் சொன்னேன். பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். யாழ்ப்பாணம் 6:29:50, லண்டன் 1:59:50, ரொறன்ரோ சனி இரவு 8:59:50. பத்துச் செக்கனில் லண்டன் 1:00க்கு வழுக்கியது. ரீச்சர் என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கோ என்றேன். எண்கள் உருண்டன. ஒன்று ஐம்பது, ஒன்று ஐம்பத்தைந்து.

"ரெண்டு தாண்டீட்டுது" என்றார்.